பன்னிரண்டு மீட்டர்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. இந்த வருடம் ஆசிரியர்கள் எல்லோரும் தினக்குறிப்பு எழுத வேண்டுமாம். தலைமையாசிரியை தமயந்தி அம்மா ஆளுக்கொரு நோட்டைக் கையில் திணித்துவிட்டார். பாடம் நடத்துகிறவர்கள் பாடத்தை எழுதுவார்கள். உடற்கல்வி ஆசிரியை நான் என்னத்தை எழுத? காலையில் விசில் ஊதினேன், மாலையில் விசில் ஊதினேன். அதை அதிகாரிகளுக்காக முன்பக்கத்தில் எழுதிவிட்டேன். நோட்டைத் திருப்பிப் போட்டு, எனக்காக இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு சார் அருணகிரி இன்றைக்கே பிடுங்கிக்கொண்டார். "போர்ஷன் முடியல டீச்சர்." புத்தகமே இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் போர்ஷன் முடியவில்லையாம்! பதினோரு வருடமாக இந்த மனிதர் என் பாடவேளைகளைத் தின்றே வாழ்கிறார்.

ஜூன் 11, செவ்வாய்

குறுவட்ட விளையாட்டுப் போட்டி இந்த வருடம் எங்கள் பள்ளியில். ஆகஸ்ட் 6. பதினைந்து பள்ளிகள் வரும். ஆசிரியர் கூட்டத்தில் தமயந்தி அம்மா எழுந்து நின்று அறிவித்தார்.

"நம்ம கிரவுண்டு மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல யாருக்கு இருக்கு? இருநூறு மீட்டர் டிராக் இருக்குன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லிட்டு வந்திருக்கேன் ஜெயா."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் ஆள் வந்து ஓடுபாதையை அளந்து பார்ப்பார்களாம். எங்கள் அளவு நாடாவை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. தேட வேண்டும்.

ஜூன் 12, புதன்

நாடா பீரோவுக்கு மேலேயே இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 13, வியாழன்

எட்டாம் வகுப்பு முத்துப்பேச்சி இன்றும் ஓடவில்லை. "வயித்த வலிக்கி டீச்சர்" என்று சொல்லிவிட்டு மைதானத்தின் கிழக்கு ஓரம் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டாள். போன வருடம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, இதே மைதானத்தில் ஒரு சுற்றை முப்பதரை நொடியில் ஓடியவள். குறுவட்டத்துக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். இருநூறு மீட்டரில் முப்பத்து மூன்று நொடி, ஆறாவது இடம். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கூட்டத்தப் பாத்துப் பயந்துட்ட பேச்சி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். பிள்ளைகள் பயப்படுவது சகஜம். அன்றிலிருந்து விளையாட்டுப் பாடவேளை என்றாலே அவளுக்கு வயிற்றுவலி.

பாடவேளை முடிகிற நேரத்தில் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், சத்தம் போடாம வாங்க. அங்கன ஆக்காட்டி முட்ட போட்டிருக்கு!"

ஓடுபாதையின் கிழக்கு வளைவுக்கும் தொட்டிக்கும் நடுவே வெறும் சரளைத் தரை கிடக்கிறது. அங்கேதான். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சரளையில் ஒரு சின்னக் குழி, நாலு முட்டை. மண்நிறத்தில் கறுப்புத் திட்டுகள். அவள் விரலால் காட்டிய பிறகும் எனக்குக் கொஞ்ச நேரம் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தாய்ப்பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து கத்தித் தீர்த்துவிட்டது. மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, என்னைவிடப் பெரிய தொண்டை.

பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாதே என்று உடனே வாளியைக் கொண்டுவந்து சுற்றிலும் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டேன். குண்டு எறிதல் வட்டம் போல நல்ல வெள்ளை வட்டம். எங்கள் பள்ளியில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட யாருக்கும் தைரியம் கிடையாது.

அந்தக் கிழக்குச் சரளை எனக்கு வேறொரு வேலைக்கு வேண்டியிருக்கிறது. அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 19, புதன்

முட்டைகள் போய்விட்டன. ஓடுகள்கூட இரண்டு துண்டுதான் கிடந்தன. காக்கைகள்.

"நானும் மாடியில கிளாஸ் எடுக்கும்போது பாத்தேன் டீச்சர், உங்க வட்டம் ஜன்னல் வழியாப் பளிச்சுன்னு தெரிஞ்சது" என்றார் அருணகிரி. "மாடிக்கே அப்படித் தெரியுதுன்னா, காக்காவுக்கு எப்படித் தெரியும்?" அவருக்கு எதையும் கேள்வித்தாள் போலத்தான் கேட்கத் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, காக்கைக்குக் கணக்கு நடத்தப் போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சி ஓட்டுத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "வட்டம் போடாட்டி நானே தேடித்தான் கண்டுபிடிக்கணும் டீச்சர். நாமதான் காட்டிக் குடுத்துட்டோம்."

'நாம' என்று சொன்னாள். வட்டம் போட்டது நான்.

ஜூன் 30, ஞாயிறு

காலை ஆறரை மணிக்கே சுண்ணாம்பு வாளி, நாடா, நாலு குச்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்கமாட்டார்கள். கிழக்கு வளைவை ஆறு மீட்டர் வெளியே தள்ளிப் போட்டுவிடலாம் என்று யோசனை. ஒரு மணி நேர வேலை. திங்கட்கிழமை யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏன் ஆறு மீட்டர் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

குச்சியை ஊன்றப் போகிற இடத்தில் ஒரு முட்டை.

பழைய இடத்திலிருந்து நாலைந்து எட்டு தள்ளி, சரியாக என் புதுக் கோடு போகிற வழியில். ஒரே ஒரு முட்டை. அந்தக் கழுதை மறுபடியும் இங்கேயே வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய ஊரில் அதற்கு வேறு இடமா இல்லை?

வாளியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரும் பார்க்கவில்லை. காலால் ஒரு தள்ளு தள்ளினால் முடிந்தது. பறவை இந்த முறை கத்தவில்லை. தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

பேச்சியிடம் மட்டும் சொன்னேன். குதித்தாள். பிறகு என் கையில் வாளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

ஜூலை 5, வெள்ளி

நாலு முட்டை ஆகிவிட்டது. அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. இருபத்தெட்டு முதல் முப்பது நாள் என்கிறார் அருணகிரி. ஆகஸ்ட் தொடக்கம்வரை போகும்.

தமயந்தி அம்மா பஞ்சாயத்து வைத்தார். போட்டிக்கு ஆறு தடம் போட வேண்டும். இருக்கிற வளைவிலேயே ஆறு தடம் போட்டால் கூடு நாலாவது தடத்தில் விழுகிறது. "ஒரு கூடையில எடுத்து மரத்தடியில வச்சா என்ன?" என்றார். வைத்தால் தாய் வராது என்று அருணகிரி அடித்துச் சொன்னார். அப்புறம் அந்த அம்மாவே, "அப்ப டிராக்கத் தள்ளிப் போடுங்க. மேக்க இடமில்லயா?" என்றார்.

மேற்கே மதில்வரை சீமைக்கருவேல முள். பதினோரு வருடமாக யாரும் தொடாத முள்.

அருணகிரி உற்சாகமாகிவிட்டார். "எட்டாம் வகுப்ப வச்சே அளந்து வரைபடம் போட்டுடலாம். வட்டத்தோட சுற்றளவு பாடம்தான் இப்ப நடக்குது. என் பாடவேளைய கிரவுண்டுல வச்சுக்கிறேன் டீச்சர்."

கணக்குப் பாடவேளை மைதானத்துக்கு வருகிறது! பதினோரு வருடத்தில் இந்த மனிதரிடமிருந்து எனக்கு வந்த முதல் பாடவேளை. கைதட்டிக் கொண்டாட வேண்டிய நாள். நாடா அறுந்துவிட்டது என்று சொன்னேன். கொத்தனாரிடம் முப்பது மீட்டர் நாடா வாங்கி வருகிறேன் என்கிறார்.

ஜூலை 8, திங்கள்

கூட்டைச் சுற்றி இந்த முறை ஓர் அடையாளமும் கிடையாது. சுண்ணாம்பு இல்லை, கல் இல்லை, கயிறு இல்லை. 'கொடிக்கம்பத்திலிருந்து நேர் கிழக்கே முப்பத்தாறு எட்டு, அங்கிருந்து தெற்கே பத்து' என்று வகுப்பு வகுப்பாக மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார் அருணகிரி. நானூறு பிள்ளைகளுக்கும் கூடு எங்கே என்று தெரியும். காக்கைக்குத் தெரியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் போனால் எட்டு எண்ணிக்கொண்டுதான் போகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அளந்தார்கள். நூற்று எண்பத்தெட்டு மீட்டர்.

மூன்று முறை அளந்தார்கள். மூன்று முறையும் அதேதான். அருணகிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இருநூறுதானே டீச்சர்?"

"பிள்ளைங்க நாடாவத் தொய்வாப் பிடிச்சிருக்கும் சார்" என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான்.

நாடாவின் முனையைப் பிடித்திருந்தவள் முத்துப்பேச்சி. "ஒரு நாடாவ ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? மூணு தடவையும் தப்பா?" என்று அருணகிரி அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவளைத் திட்டினார். நான் விசிலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 10, புதன்

எழுதிவிடுகிறேன்.

காலையில் பிரேயர் முடிந்ததும் பேச்சி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கயிறு. அதைக் கதவின் இரண்டு பக்கத்திலும் தொட்டுக் காட்டினாள். இறுக்கிப் பிடித்தால் இவ்வளவு, தொய்வாகப் பிடித்தால் கயிறு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

"தொய்வாப் பிடிச்சா அளவு கூடத்தான வரும் டீச்சர்? எப்பிடிக் கொறையும்?"

சண்டை போடவில்லை, குற்றமும் சொல்லவில்லை. இராத்திரி முழுக்க யோசித்திருக்கிறாள், விடை தெரியவில்லை, கேட்கிறாள். அவ்வளவுதான். என் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மூன்றாவது பாடவேளை மைதானத்தில் கணக்கு. எல்லோரும் இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன்.

"பேச்சி நாடாவச் சரியாத்தான் பிடிச்சா. டிராக் நூத்தி எம்பத்தெட்டுதான். அது எனக்கு முன்னாடியே தெரியும்."

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. நான் இங்கே வந்த வருடம் நேர்பாதை ஐம்பது மீட்டர் இருந்தது. நானே அளந்து, மேற்கு வளைவின் நுனியில் ஓர் இரும்புக் கம்பியை அடித்தேன். அடுத்த வருடம் கோடு போடப் போனபோது முள் உள்ளே வந்திருந்தது. வெட்டச் சொல்லி இரண்டு மனு எழுதினேன், யாரும் வரவில்லை. கோட்டை அரை மீட்டர் இந்தப் பக்கம் போட்டுக்கொண்டேன். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். முள்ளோடு சண்டை போடுவதைவிடச் சுண்ணாம்பைத் தள்ளிப் போடுவது சுலபம். ஐம்பது நாற்பத்து நாலானது. இரண்டு பக்கமும் ஆறு ஆறு, மொத்தம் பன்னிரண்டு மீட்டர். ஆனால் வராந்தாச் சுவரின் சாதனைப் பலகையில் இருநூறு என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். நேற்று அவளைத் திட்டியது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

பேச்சிதான் கேட்டாள். "அப்ப என் முப்பதர நொடி?"

"அது நூத்தி எம்பத்தெட்டுக்கு."

"போன வருசம் அங்க ஓடுனது?"

"அது நெசமான இருநூறு."

"பயந்துட்டன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

போன வருடம் அவள் அழுதபோதே எனக்குக் காரணம் தெரியும். நான் கூசாமல் பழியை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேல் போட்டேன். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

தமயந்தி அம்மா கால் மணி நேரம் திட்டினார். "நெஞ்ச நிமித்திச் சொல்லிட்டு வந்தேனே ஜெயா, எம் மானத்த வாங்கிட்டியே!" மேலிடத்துக்கு எழுதுவாரோ, போட்டியை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவாரோ என்று கைகட்டி நின்றேன். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"அளக்க வர்றது ஜூலை முப்பது. முள்ளு எப்பப் போகும்?"

பாதை நீள ஆறு மீட்டர், மொத்தப் பாதையும் கூட்டைவிட்டு மேற்கே தள்ளிப்போகப் பதினான்கு மீட்டர். இருபது மீட்டர் ஆழத்துக்கு முள் போக வேண்டும். பிள்ளைகளை முள்ளில் இறக்கக் கூடாது. ஆள் வேண்டும்.

இந்த ஊரில் முள் வெட்டத் தெரிந்தவர்கள் விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர்கள்தான். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர், வெயிலுமுத்து. பேச்சியின் அப்பா.

ஜூலை 13, சனி

போனேன். ஊருக்கு வெளியே மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கரி. "வாங்க டீச்சரம்மா" என்று ஒரு கட்டையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

புகை வருகிற ஓட்டையை மண்ணால் அடைத்துவிட்டு நிமிர்ந்தார். "எம் பிள்ள ஒரு வருசமா ராத்திரி படுக்கும்போது கேப்பா டீச்சரம்மா. 'யப்பா, நா பயந்தாங்கொள்ளியா'ன்னு. நானும், 'ஆமாத்தா, கூட்டத்தப் பாத்தா அப்பிடித்தான் இருக்கும்'னு சொல்லிட்டு இருந்தேன். டீச்சர் சொன்னாகளேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் முன்னால் அழுதேன், வெட்கமில்லை.

"வெறகு எங்களுக்கு, எடம் ஒங்களுக்கு. நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாரேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தக் குருவி எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிருங்க. எங்க ஆளுக அங்கன மிதிச்சிரக் கூடாது" என்றார். கொடிக்கம்பத்திலிருந்து முப்பத்தாறு எட்டு என்றேன். "தெக்க பத்து. தெரியும், பிள்ள வீட்டுல ஒப்பிச்சிக்கிட்டே திரியுது."

ஜூலை 14, ஞாயிறு

இருபத்து மூன்று பேர். விடியும் முன்பே வந்துவிட்டார்கள். அரிவாள் சத்தம் மதியம்வரை ஓயவில்லை. அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டை சுமந்தார். கையில் முள் குத்தி ரத்தம் வந்ததும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். தமயந்தி அம்மா வீட்டிலிருந்து ஒரு குத்துச் சட்டி புளிச்சோறு கொண்டுவந்தார்.

கூடு காலியாகவே இல்லை. மாறி மாறி இரண்டும் உட்கார்ந்திருந்தன.

ஜூலை 15, திங்கள்

வேர் பறிக்கப் பஞ்சாயத்திலிருந்து ஜேசிபி வந்தது. பத்து மணிக்கு டிரைவர் இறங்கி, "டீச்சர், இங்கன ஒரு கம்பி நட்டுக் கெடக்கு, எடுக்கவா?" என்றார்.

நான் அடித்த கம்பி. துருப்பிடித்து, தலை வளைந்து, இப்போதைய கோட்டிலிருந்து ஆறு மீட்டர் மேற்கே. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 17, புதன்

கரிசல் வெயில் கொளுத்துகிறது. தொட்டியடியில் கசிகிற தண்ணீரில் அந்தப் பறவை இறங்கி உட்கார்ந்து எழுந்தது. குளிக்கிறது என்று நினைத்தோம். நேராகக் கூட்டுக்கு நடந்து போய் ஈர வயிற்றோடு முட்டைமேல் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் மற்றது போய் நனைந்துகொண்டு வந்தது. முட்டை வெந்துவிடாமல் நனைக்கிறது!

எட்டாம் வகுப்பு முழுக்க வராந்தாவில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை நனைக்கிறது என்று என் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக் குறித்தார்கள். வெயில் ஏற ஏறத் தடவைகள் கூடின. அருணகிரி அதைக் கட்டம் போட்ட தாளில் வரைய வைத்தார். மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. என் விளையாட்டுப் பாடவேளை தொடங்கி ஐந்து நிமிடம் போய்விட்டது. நானும் எழுந்திருக்கவில்லை.

பேச்சி வந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 18, வியாழன்

புதுப் பாதைக்குப் பிள்ளைகள் அளந்து குறித்துக் கொடுத்தார்கள். நான் கோடு போட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

பள்ளி விட்டதும் பேச்சி வந்தாள். ஷூ போட்டிருந்தாள். கையில் கொத்தனார் நாடா.

"மொதல்ல அளப்போம் டீச்சர். அந்த முனையப் பிடிங்க."

பிடித்தேன். இறுக்கமாகப் பிடித்தேன். ஒரு மணி நேரம் அளந்தாள். வளைவில் குச்சிகளை நட்டு, நாடாவை ஒட்டி வளைத்து, ஒவ்வொன்றையும் தன் நோட்டில் எழுதிக் கூட்டினாள். இருநூறு.

அப்புறம் ஓடினாள். முப்பத்து மூன்று நொடி.

வாட்ச்சை வாங்கிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"போன வருசமும் முப்பத்தி மூணுதான டீச்சர்?"

"ஆமா."

"அப்ப நா பயப்படவே இல்ல!" என்று சிரித்தாள். ஒரு வருடம் கழித்து அந்தப் பல்வரிசையைப் பார்த்தேன். "என் ஓட்டத்தத்தான் ஓடியிருக்கேன். மொத வந்த அக்கா எவ்வளவு?"

"முப்பத்திரண்டு."

"ஒரு நொடிதான? பதினெட்டு நாள் இருக்கு" என்று மறுபடியும் கோட்டுக்குப் போய் நின்றாள்.

ஜூலை 24, புதன்

32.4

ஜூலை 27, சனி

32.4. வளைவில் உள்கோட்டைவிட்டு வெளியே போகிறாள். பழைய பாதையில் பழகிய கால். திட்டினேன். அவளும் பதிலுக்கு முறைத்தாள். எல்லாம் பழையபடி ஆகிவருகிறது.

ஜூலை 30, செவ்வாய்

அளக்க வந்தார்கள். உடற்கல்வி இயக்குநர் குனிந்து நிமிர்ந்து இரண்டு முறை அளந்தார். "இருநூறு மீட்டர், ரெண்டு சென்டிமீட்டர். கொஞ்சம் கூட இருக்கே டீச்சர்?"

"அது இருக்கட்டும் சார்" என்றேன்.

அருணகிரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுகிற மாதிரி நகர்ந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பொரித்துவிட்டது! நாலில் மூன்று. ஒன்று கூமுட்டை. பேச்சி என் வீட்டுக்கே ஓடிவந்து கதவைத் தட்டினாள். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி மூன்று குஞ்சுகள்.

மதியத்துக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டன. எங்கே போயின தெரியுமா? கூட்டைச் சுற்றி அவ்வளவு சரளை கிடக்க, தாயும் தகப்பனும் முன்னும் பின்னும் கத்திக்கொண்டு, மூன்றையும் நேராக மேற்கே கூட்டிக்கொண்டு போய்விட்டன. முள் பறித்துக் கிளறிய மண்ணில் பூச்சி அள்ளிக் கிடக்கிறது. எதை இவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் பதினான்கு மீட்டர் தள்ளி வைத்தோமோ, அந்தப் புதுப் பாதையின் நடுவிலேயே குடித்தனம்.

தமயந்தி அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முடிந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டது. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

பதினைந்து பள்ளி, அறுநூறு பிள்ளைகள். துப்பாக்கி கிடையாது, கைத்தட்டுப் பலகைதான். ஒலிபெருக்கி வாயை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். பதினொரு மணிக்குப் பையன்களின் எண்ணூறு மீட்டர். மூன்றாவது சுற்றுக்கு வரும்போது மேற்கு வளைவில் எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டாள். அவளை அதற்கென்றே நிறுத்தி வைத்திருந்தோம். ஆக்காட்டிக் குடும்பம் வரிசையாகப் பாதையைக் கடந்துகொண்டிருந்தது.

வெளியூர்ப் பையன்கள் எட்டுப் பேரும் மூச்சிரைக்க நின்றார்கள். தகப்பன் பறவை இறக்கையை விரித்துக்கொண்டு அவர்களை ஒரு விரட்டு விரட்டியது. மூன்றாவது குஞ்சு உள்கோட்டில் நின்று சுண்ணாம்பைக் கொத்திப் பார்த்தது. மொத்த மைதானமும் மூச்சுக் காட்டவில்லை. அது தாண்டியதும் எழுந்த கைதட்டலில் நான்தான் விசிலை ஊதி எல்லோரையும் அடக்க வேண்டியிருந்தது. எண்ணூறு மீட்டரை முதலிலிருந்து நடத்தினோம். ஒரு பள்ளியும் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டரை மணிக்குப் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள், இருநூறு மீட்டர் இறுதி. பேச்சிக்கு நாலாவது தடம். போன வருடம் முதலில் வந்த பிள்ளையின் தங்கையாம் மூன்றாவது தடத்தில், நல்ல உயரம். நான் முடிவுக்கோட்டில் வாட்ச்சோடு நின்றேன். பேச்சி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் தடத்துச் சுண்ணாம்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டாள்.

பலகை தட்டியது.

முதல் வளைவில் அவள் மூன்றாவதாக இருந்தாள். உள்கோட்டை ஒட்டி, ஒரு சாண்கூட வெளியே போகாமல் ஓடினாள். எதிர்ப்புற நேர்பாதையில் இரண்டாவது. மேற்கு வளைவு, அந்தத் துருப்பிடித்த கம்பி இருக்கிற பக்கம், அங்கேதான் அவள் அந்த உயரப் பிள்ளையைப் பிடித்தாள். கடைசி நேர்பாதை முழுக்க முழுசாக ஐம்பது மீட்டர். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெயிலுமுத்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் கரிக்கையை உயர்த்திக்கொண்டு எதையோ கத்திக்கொண்டிருந்தார்.

மார்பால் நாடாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலிடம்.

31.3

மூன்று வாட்ச்சிலும் அதேதான். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வியர்வையும் சுண்ணாம்புமாக இருந்தாள். "டீச்சர், இது நெசந்தான?" என்று காதருகே கேட்டாள்.

"நீதாண்டி அளந்த" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

வராந்தாச் சுவரில் 'பள்ளிச் சாதனைகள்' பலகை. பதினோரு வருடம் நான் எழுதிய நேரங்கள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, ஒரு சுற்று ஓடிய அத்தனை பேரின் நேரத்துக்கும் முன்னால் 'இருநூறு' என்றிருந்ததை அழித்து 'நூற்று எண்பத்தெட்டு' என்று எழுதினேன். ஒவ்வொரு வருடமும் ஒவ்வோர் அளவு. சரியான அளவு இன்னதென்று யாருக்கும் தெரியாது. அதனால் 'சுமார்' என்றும் சேர்த்தேன். பெயர்களை அழிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஓடியது உண்மைதானே.

அருணகிரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். புதுக் கால அட்டவணையைக் காட்டினார். எட்டாம் வகுப்பு, வியாழன் மூன்றாவது பாடவேளை: கணக்கு, மைதானம். கிழக்குச் சரளையை யாரும் சமன்படுத்தக் கூடாது என்று தமயந்தி அம்மா கையெழுத்துப் போட்ட தாளும் கூடவே. அடுத்த வருடமும் முட்டையிட இடம் வேண்டுமாம். "என் பாடவேளைய மட்டும் தொடாதீங்க சார்" என்றேன். "போர்ஷன் முடியலன்னா?" என்றார். ஏணியிலிருந்து துணியை வீசினேன்.

பலகையின் அடியில் புதிதாக எழுதினேன். 200 மீ, முத்துப்பேச்சி, 31.3.

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பேச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "டீச்சர், பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க. 'அளந்தவர்'னு."

கட்டம் போட்டேன். அவள் பெயரை எழுதினேன்.

"இன்னொரு முனையப் பிடிச்சது யாரு?" என்றாள்.

ஏணியில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன்.